கிழக்குச் சுவரில் எண்பத்து நான்கு

ஜனவரி 19, திங்கள்

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். அறிவியல் நோட்டின் பின்பக்கம். அம்மா எட்டாவது வரை படித்தவள், என் நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பாள். பின்னாலிருந்து புரட்ட மாட்டாள்.

இன்று கிழக்குச் சுவரின் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். எண்பத்தைந்து அடி நீளம், பூச்சு இல்லாத செங்கல் சுவர். அப்பாதான் அங்கே மேஸ்திரி. சாரக் கழி சொருகியிருந்த ஓட்டைகளை அர்த்தநாரி மாமா செங்கல் வைத்து அடைத்து முடித்தாராம். சாரம் கட்டுவது அவர் வேலை. அடுத்த தெருவில் இருக்கிறார். சாயங்காலம் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே, "மாதப்பா, ஓட்ட எங்க இருந்துச்சுன்னு எவனாவது கண்டுபுடிச்சா என் மீசைய எடுத்துக்கறேன்" என்றார்.

"இருக்கறதே நாலு முடி. அதையும் எடுத்துட்டா ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாங்க" என்றார் அப்பா.

அப்பா இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பசியில்லை, சாப்பிடவில்லை. மதியம் தின்ற முட்டையாக இருக்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

திருப்புதல் தேர்வு, ஆங்கிலம். எழுபத்தொன்று. வகுப்பில் மூன்றாவது. அப்பா பேப்பரைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார், வேலையிடத்தில் காட்ட.

ஜனவரி 21, புதன்

காலையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பள்ளிக்குப் போகிற வழிதான்.

இதை முறையாக எழுத வேண்டும். எங்கள் ஊருக்கு மேற்கே கஞ்சிக் கொட்டாய் என்று ஓர் இடம். தாது வருஷப் பஞ்சத்தில் சர்க்கார் கஞ்சி ஊற்றிய இடம். இப்போது பதினொரு அடுப்புகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, ஆள் உயரத்துக்கு, கரி பிடித்து. பார்க்க வருகிறவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு மையம் கட்டுகிறார்கள். அதை வரைந்தவர் தமயந்தி மேடம். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். டிசம்பரில் அவருக்குக் கால் முறிந்து வரவில்லை. இன்று ஊன்றுகோலோடு வந்தார்.

நேராகப் பெரிய அறைக்குள் போனார். மணி ஏழரை. நானும் சோற்றுத் தூக்குப் போசியோடு வாசலில் நின்றேன். உள்ளே இருட்டு. மேடம் நடுவில் நின்று கிழக்குச் சுவரையே பார்த்தார்.

"வெளிச்சம் எங்க?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. கம்பெனி இன்ஜினியர் பிரவீன் சார், "லைட் கனெக்‌ஷன் அடுத்த வாரம் மேடம்" என்றார்.

"லைட்ட கேக்கல. ஓட்டைங்க எங்க? எண்பத்தி நாலு ஓட்டை."

அப்பாவின் முகத்தில் அப்போதும் சந்தோஷம் இருந்தது. அதுதான் எனக்கு மறக்கவில்லை. "சார ஓட்டைங்களா? அடைச்சாச்சுங்களே மேடம். கிட்ட வந்து பாருங்க, எங்க இருந்துச்சுன்னே தெரியாது" என்றார்.

மேடம் கிட்டே போனார். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். நிஜமாகவே தெரியவில்லை. கையை எடுக்காமலே, "அது சாரத்துக்கு இல்ல" என்றார்.

யார் அடைக்கச் சொன்னது என்று பிரவீன் சார் கத்தினார். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு என் கையிலிருந்த தூக்குப் போசியைப் பார்த்தார். அதற்குள் அர்த்தநாரி மாமா முன்னால் வந்துவிட்டார்.

"யாரு சொல்லணுமுங்க? சாரத்தப் பிரிச்சா ஓட்டைய அடைக்கறதுதான் பழக்கம். முப்பது வருசமா அடைக்கறேன். அடைக்காம வந்தாத்தான் திட்டுவாங்க."

"அப்ப நீதான் அடைச்ச?"

"நாந்தாங்க."

அப்பா என்னிடமிருந்து தூக்குப் போசியை வாங்கிக்கொண்டார். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

வரைபடத்தில் எண்கள் எல்லாம் அப்பாவுக்கே தெரியும். எழுத்து தெரியாது. ஓரத்தில் ஆங்கிலத்தில் இருப்பதை நான்தான் படித்துச் சொல்வேன். இந்தச் சுவர் ஆறாம் தாளில் இருக்கிறது. அதையும் நான்தான் படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன்.

ஜனவரி 22, வியாழன்

மாமாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

மேடம் ஊரிலேயே தங்கியிருக்கிறார். இன்று அப்பாவையும் ஆட்களையும் உட்காரவைத்து, மையத்தை ஏன் அப்படி வரைந்தார் என்று சொன்னாராம். சோறு கொண்டுபோனபோது பாதியைக் கேட்டேன்.

வாசலை நாலரை அடியில் வைத்தது உள்ளே வருகிறவர் குனிய வேண்டும் என்பதற்காக. பசியோடு வந்தவர்கள் நிமிர்ந்து வரவில்லை. நடைவழி இரண்டு அடி அகலம், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், கஞ்சிக்கு நின்ற மாதிரி. பெரிய அறையில் சிலை இல்லை, படம் இல்லை, ஒன்றுமே இல்லை. நானும் அதைப் பார்த்து இன்னும் வேலை முடியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு சுவர். கஞ்சிக் கொட்டாயின் பேரேட்டில் ஒரே ஒரு தாள் கிடைத்திருக்கிறதாம். ஒரு நாளில் செத்தவர்கள் எண்பத்து நான்கு என்று அதில் இருக்கிறது. பெயர் கிடையாது. ஆண், பெண், பிள்ளை என்றுகூடப் பிரிக்கவில்லை. மேடமே மூன்று வரிசையாகப் பிரித்துக்கொண்டார். நாலடி உயரத்தில் பிள்ளைகள், எட்டடியில் பெண்கள், பன்னிரண்டடியில் ஆண்கள், வரிசைக்கு இருபத்தெட்டு. செத்த ஆள் ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு செங்கல் குறைவு, அந்த இடம் ஓட்டை. காலையில் வெயில் அந்த ஓட்டைகள் வழியாக வந்து தரையில் எண்பத்து நான்கு இடத்தில் விழும். பார்க்க வருகிறவர்கள் அதன்மேல்தான் நடந்து போக வேண்டும். மிதிக்காமல் போக முடியாது.

"இத ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா" என்று ஒருவர் இழுத்தார்.

"எழுதியிருந்தேனே. ஆறாம் தாள், ஒன்பதாவது குறிப்பு" என்றார் மேடம்.

அப்பா பீடியைப் பற்றவைக்க மூன்று குச்சி கிழித்தார். காற்று இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

புதன்கிழமை எழுதியது பொய்.

நவம்பரில், மழை பெய்த அன்று, ஆறாம் தாளைக் கட்டில்மேல் விரித்துப் படித்தேன். மொத்தம் பன்னிரண்டு குறிப்புகள். கலவை விகிதம், செங்கல் அளவு, தண்ணீர் விட வேண்டிய நாட்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. போன தாள்களில் வந்து வந்து பழகிவிட்டன. ஒன்பதாவது மட்டும் ஏழு வரி. எனக்கு 'சுவர்' என்ற சொல் தெரிந்தது. 'மூன்று' தெரிந்தது. மற்றது ஒன்றும் தெரியவில்லை.

அப்பாவும் மாமாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா, "பாரு மாதப்பா, நம்ம இங்கிலீசுக்கார அம்மிணி ரேடியோ மாதிரி படிக்குது" என்றார். நான், "ஒன்பதாவது பொதுவா எல்லாத் தாள்லயும் வர்றதுதான்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பத்தாவதுக்குப் போனேன்.

படத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் மூன்று வரிசையாக இருந்தன. மாமாதான் முதலில் கண்டுபிடித்தார். "சார ஓட்ட எங்க உடணும்னுகூட போட்டுக் குடுத்துட்டாங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார். வரிசைக்கு வரிசை நாலடி. சாரத்துக்கு ரொம்பச் சரியான அளவு.

எழுபத்தொன்று மார்க் எப்படி என்றால், கட்டுரை, கடிதம், செய்யுள் எல்லாம் மனப்பாடம். பார்க்காமல் எழுதிவிடுவேன். புதிதாக ஒரு வரி கொடுத்தால் எனக்கு வாசிக்க மட்டும்தான் வரும்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் நோட்டில் எழுதி எடுத்துப்போன ஏழு வரியையும் பள்ளி அகராதியை வைத்துக்கொண்டு பார்த்தேன். திறந்தே இருக்க வேண்டும், ஒருபோதும் மூடக் கூடாது, சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அதற்குத் தனியாக, சுவரில் கழி சொருகாத இரட்டைக் கால் சாரம் கட்ட வேண்டும். பார்த்தது திங்கள் மதியம். அதே நேரம் மாமா அங்கே கடைசி ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருப்பார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பள்ளியிலிருந்து பத்து நிமிடம்.

அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

ஜனவரி 28, புதன்

இன்று தண்ணீர் பிடிக்கும் முறை எங்களுடையது. பதினாறு குடம்.

புதுத் தாள் ஒன்று வந்திருக்கிறது, கழிவறைக்கு. அப்பா அதை என்னிடம் தரவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம், அம்மா சொன்னாள். "இவளுக்குப் பரிட்சை நேரம், எதுக்குத் தொந்தரவு" என்றாராம். அப்பா எப்போதும் அப்படித்தான், என் படிப்பைப் பற்றி யோசிப்பார்.

ஜனவரி 30, வெள்ளி

மாமா நேற்று இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போனார். இரண்டு இடத்திலும் பிரவீன் சார் முன்பே பேசிவைத்திருக்கிறார். குடித்துவிட்டு அடைத்த ஆள் என்று சொல்லியிருக்கிறார். மாமா குடிக்கவே மாட்டார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ்ஸில் கேரளாவுக்குப் போகிறார். ஐம்பத்து நான்கு வயது. அங்கே மழையில் சாரம் வழுக்கும் என்று அம்மா சொன்னாள். அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மாமா இப்போது எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவதில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

சொல்லிவிட வேண்டும் என்று போனேன். மேடம் அறைக்குள் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டி வைத்திருந்தார்.

"என்னம்மா, மேஸ்திரி பொண்ணுதானே? எத்தனாவது படிக்கிற?"

"பத்தாவதுங்க."

"இந்த அறை எப்படி இருக்கு? பயப்படாம சொல்லு."

இருட்டாக இருக்கிறது என்று சொன்னேன். மேடம் தலையாட்டினார். சுவரை இடித்துக் கட்ட நேரமில்லை, மார்ச்சில் திறப்பு விழா. ஒரு போர்டு எழுதி மாட்டிவிடலாம் என்று மேலே இருப்பவர்கள் சொல்கிறார்களாம், எண்பத்து நான்கு பேர் இறந்தார்கள் என்று. "போர்டைப் படிச்சுட்டுப் போயிடுவாங்க" என்றார். என்னிடம் சொல்வது போல இல்லை.

நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

ஓட்டைகளைத் திறந்து பார்க்க முயன்றார்கள். படத்தின்படி அளந்தால் சரியாக வரவில்லை. வராது. கட்டும்போது டேப் வைத்து ஓட்டை விடவில்லை. அடுத்த கழி எங்கே வர வேண்டும் என்று மாமா தன் கையாலேயே இரண்டு முழம் போட்டுக் காட்டுவார், அப்பாவின் ஆட்கள் அங்கே ஒரு கல்லை விட்டுவிடுவார்கள். அதுதான் இங்கே வழக்கம், கழி கட்டுகிறவனின் கைக்குத்தான் கழி வர வேண்டும்.

அப்பா தன் கையால் முழம் போட்டுப் பார்த்தார். முதல் ஓட்டை சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் நல்ல கல்லை உடைத்துவிட்டார். நான்காவதிலும். சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. மேடம் நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்பாவின் கை மாமாவின் கையைவிட ஒரு விரல்கடை நீளம்.

அர்த்தநாரியைக் கூப்பிடுங்கள் என்று மேடம் சொன்னார். பிரவீன் சார் ஆள் அனுப்பினார். மாமா சொல்லி அனுப்பிய பதிலை வேலையிடமே பேசிக்கொள்கிறது: "அடைச்ச குடிகாரனே வந்து தொறக்கணுமா? நெதானமா இருக்கற ஆளாப் பாத்துக் கூப்புட்டுக்கச் சொல்லு."

அப்பா அவரைப் போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்டாள். முழங்கால் வலி என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

நாளை சனி. நாளை மறுநாள் பஸ்.

சொன்னால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்கிறேன். அப்பாவின் வேலை போகலாம். ஊரில் சிரிப்பார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு டவுன் பள்ளியில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார், அது நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. அது ஏற்கெனவே ஆகிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

சொல்லிவிட்டேன்.

எழுத்து கோணலாக வருகிறது. காலை பத்து மணிக்குப் போனேன். மேடம், பிரவீன் சார், அப்பா மூன்று பேரும் சுவருக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஆறாம் தாளைக் கையில் கொண்டுபோயிருந்தேன்.

"மேடம், இந்த ஒன்பதாவது குறிப்பு" என்று ஆரம்பித்தேன்.

அப்பா உடனே, "கண்ணு, கம்முனு இரு. ஊட்டுக்குப் போ" என்றார். நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

"நீங்க இருங்க மேஸ்திரி. நீ சொல்லும்மா" என்றார் மேடம்.

எனக்கு அது புரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, பொதுவாக வருவது என்று சொல்லிவிட்டேன், அப்பாவும் மாமாவும் அதை நம்பித்தான் கட்டினார்கள் என்று சொன்னேன். இதைப் பலமுறை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனாலும் நடுவில் இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று.

பிரவீன் சார் சிரித்தார். "பத்தாங்கிளாஸ் பொண்ணா டிராயிங் படிச்சுச்சு? ஏன் மேஸ்திரி, என்னக் கேட்டிருக்கலாம்ல?"

அப்பா முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "கேட்டேனுங்க சார். அஞ்சாம் தாளுக்கே கேட்டேன். படத்தப் பாத்துக் கட்டுய்யான்னு போன வச்சுட்டீங்க."

மேடம் பிரவீன் சார் பக்கம் திரும்பவே இல்லை. தாளை வாங்கி ஒன்பதாவது குறிப்பைப் படித்தார், தானே எழுதியதை. பிறகு, "இந்த ஊர்ல கட்டறதுக்கு இத யாருக்குன்னு இங்கிலீஷ்ல எழுதினேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. ஆனால் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"அர்த்தநாரி எப்ப கிளம்பறார்?"

"விடிகாலைங்க" என்றார் அப்பா.

"அப்ப ரெண்டு பேரும் போங்க. நானும் வரலாம், ஆனா இத சொல்ல வேண்டியது நான் இல்ல."

நானும் அப்பாவும் போனபோது மாமா பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மனப்பாடம் செய்த மாதிரி வரவில்லை. மாமா பையின் ஜிப்பைப் பாதி இழுத்தார், மறுபடி திறந்தார், மறுபடி இழுத்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

"ஏன் மாதப்பா, இது உனக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

அப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கலவை மெஷின் பக்கத்திலேயே நிற்பதால் அப்பாவுக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை.

"பதினேழு நாளு. தெருவுல என்னப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் போவ. குடிகாரன்னு பேரானதாலன்னு நெனச்சேன்" என்றார் மாமா.

"அர்த்தநாரி" என்றார் அப்பா.

"டிக்கெட் போட்டாச்சு. கெளம்புங்க. எனக்கு வேல கெடக்குது."

வரும் வழியில், முழங்கால் வலி என்று சொன்ன அப்பா ரொம்ப வேகமாக நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடிகாலையில் முழித்துக்கொண்டு படுத்தே இருந்தேன். நாலே முக்காலுக்குப் பெரிய ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. நின்றது, கிளம்பிப் போயிற்று. அப்பாவும் முழித்திருந்தார் என்று நினைக்கிறேன், இருமினார்.

ஆறரைக்கு அப்பா கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். வாய்விட்டுச் சொல்லவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

மையத்தில் கிழக்குச் சுவரின் தென்மூலையில் மாமா நின்றிருந்தார். தலையில் துண்டு. காலடியில் அதே பை. முழங்கையைச் சுவரில் வைத்து, விரல் முடிகிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். மறுபடி வைத்தார், மறுபடி கோடு. எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"பஸ்ஸு?" என்றார் அப்பா.

"போச்சு." அடுத்த முழம் போட்டார். "இங்க ஒண்ணு. உளி சின்னது குடு. பெருசுல தட்டுனா பக்கத்துக் கல்லு போயிடும்."

அப்பா ஓடிப்போய் எடுத்து வந்தார். பிரவீன் சார் வந்திருந்தார், தூரத்தில் நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மேடம் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மாமாவிடம் போனார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மாமா கடைசிவரை கேட்டுவிட்டு, "செரிங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு மேடம் என்னை அறைக்குள் போகச் சொன்னார். மாமா வெளியிலிருந்து கல்லை உருவும்போது உள்பக்கம் விளிம்பு பெயர்ந்தால் நான் குரல் கொடுக்க வேண்டும். குனிந்து, நடைவழியில் தனியாக உள்ளே போனேன். வியாழக்கிழமை திறந்த இரண்டு ஓட்டைகள் மூலையில் தெரிந்தன. மற்றபடி இருட்டு. கீழ் வரிசைக்கு நேராக மேடத்தின் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உளிச் சத்தம். அடைத்தவரின் கை என்பதால் எங்கே தட்ட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

ஒரு கல் அசைந்தது. ஓரத்தில் கோடு போல வெளிச்சம் வந்தது. கல் மெதுவாக அந்தப் பக்கம் போயிற்று. அது இருந்த இடத்தில் முதலில் வெயில் வரவில்லை, மாமாவின் கை வந்தது. கலவைத் தூள் ஒட்டிய விரல்கள் உள்விளிம்பைச் சுற்றித் தடவின. எங்கும் பெயரவில்லை. என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் அந்தக் கை இருந்தது. நான் மூச்சு விட்டது அதில் பட்டிருக்க வேண்டும். விரல்கள் நின்றன.

"யாரு உள்ள?"

"நான்தான் மாமா. கோகிலவாணி."

அந்தப் பக்கம் உளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். கை மெதுவாக வெளியே போயிற்று. பிறகு குரல் கேட்டது.

"கண்ண மூடிக்க. தூசி உளும்."

மூடிக்கொண்டேன். மூடிய பிறகும் வெளிச்சம் தெரிந்தது.